மலை மெட்டு ஏறினாலும் நம் சொல் கேட்கும் போன்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

தேனி மாவட்டத்துப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர்கள் நிறையப் பேர். போடிமெட்டு ஆகட்டும், கம்பம்மெட்டு ஆகட்டும், குமுளி ஆகட்டும், எந்தப் பாதையில் போனாலும் வழியில் பல இடங்களில் சிக்னல் வந்து வந்து போகும். மேப் வெள்ளையாக நிற்கும், கேட்ட பாட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். கையில் இருக்கிற போனில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு எங்கோ ஒரு சர்வரை நம்பி இருக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும். அந்த நம்முடைய பங்கைக் கூட்டுவதற்குத்தான் இந்தப் பதிவு.

தேவையானவை: ஒரு ஆண்ட்ராய்டு போன், வைஃபை, அவசரமில்லாத ஒரு மாலை நேரம். நான் சொல்லும் செட்டிங்ஸ் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள்.

ரூட் செய்வது (போனின் உள்பூட்டைத் திறந்து முழு அதிகாரத்தையும் எடுப்பது), போனின் இயங்குதளத்தையே மாற்றுவது இரண்டும் இதில் வராது. ரூட் செய்த போனில் பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் ஓட மறுத்துவிடும். சம்பளமும் சீட்டுப் பணமும் ஒரே போனில் வந்து போகிற வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

1. முதலில் நகல்

எதையும் தொடுவதற்கு முன் காண்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' என்பதைத் தேடி அழுத்துங்கள். எல்லா எண்களும் விசிஎஃப் என்று முடியும் ஒரே ஃபைலாகச் சேமிக்கப்படும். அதையும் போட்டோக்களையும் கம்ப்யூட்டருக்கோ, போனிலேயே செருகக்கூடிய ஓடிஜி பென் டிரைவுக்கோ காப்பி செய்யுங்கள். போன் தொலைந்தால் எந்தக் கம்பெனியின் பாஸ்வேர்டும் இல்லாமல் இதிலிருந்து எண்களைத் திரும்ப எடுக்கலாம்.

2. யாருக்கு என்ன அனுமதி?

செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் பெர்மிஷன் மேனேஜர். இங்கே நேரம் செலவிடுங்கள். இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

லொகேஷனைத் தொடுங்கள். 'எல்லா நேரமும்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாகத் திறந்து, 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். இந்த வசதி ஆண்ட்ராய்டு 10 முதல் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் 'துல்லியமான இடம்' என்ற சுவிட்சும் இருக்கிறது. வானிலை ஆப்புக்கு நீங்கள் நெடுங்கண்டம் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், எந்த லயத்து வீட்டில் என்று தெரிய வேண்டியதில்லை. அந்த சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அடுத்து மைக், கேமரா, காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான்: இந்த வேலைக்கு இந்த அனுமதி எதற்கு? புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் மின் ஏலத்தின் விலையைக் காட்டுகிற ஆப் ஒன்று உங்கள் காண்டாக்ட்ஸைக் கேட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். சொல்லப்போனால் அதற்கு ஆப்பே வேண்டாம். மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் இணையதளத்திலேயே அன்றாட ஏல விலை வருகிறது. பிரவுசரில் திறந்து, 'ஹோம் ஸ்கிரீனில் சேர்' என்று கொடுத்தால் ஆப் மாதிரியே முகப்பில் உட்கார்ந்துகொள்ளும். பஸ் நேரம், ரேஷன் என்று இப்படி எத்தனையோ வேலைகளுக்குப் பிரவுசரே போதும்.

யுபிஐ ஆப்பில் மட்டும் எஸ்எம்எஸ் அனுமதியை விட்டுவையுங்கள். சிம்மையும் கணக்கையும் இணைத்துச் சரிபார்க்க அதற்கு அது வேண்டும்.

3. விளம்பர அடையாளம்

செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ். அங்கே 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' என்று இருக்கும், அழுத்துங்கள். விளம்பரம் நிற்காது. ஆனால் பல ஆப்கள் சேர்ந்து நீங்கள்தான் என்று அடையாளம் காண உதவும் பொது எண் ஒன்று போய்விடும்.

4. எஃப்-டிராய்டு

இது இன்னொரு ஆப் கடை. 2010 முதல் இருக்கிறது. மூலநிரல் திறந்த ஆப்கள், அதாவது எழுதிய நிரலை யாரும் பார்க்கக்கூடிய ஆப்கள் மட்டுமே இதில் கிடைக்கும், கணக்குத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு ஆப்பும் என்னென்ன அனுமதி கேட்கும், அதில் பயனாளருக்குப் பிடிக்காத அம்சம் எதுவும் உண்டா என்பதை அந்த ஆப்பின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

பிரவுசரில் எஃப்-டிராய்டின் தளத்துக்குப் போய் ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவும் ஃபைல்) இறக்குங்கள். திறக்கும்போது, 'தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதிக்கவா?' என்று போன் கேட்கும். அனுமதித்து நிறுவுங்கள். முடிந்த கையோடு பிரவுசருக்குக் கொடுத்த அந்த அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். இதை மறக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பி ஏமாற்றுகிறவர்களுக்கு வழி விடும் கதவு இந்த அனுமதிதான்.

5. சிக்னல் இல்லாமல் மேப்

எஃப்-டிராய்டில் ஆர்கானிக் மேப்ஸ் என்று தேடி நிறுவுங்கள். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில் மக்கள் சேர்ந்து வரைந்த வரைபடத்தைத்தான் இது காட்டுகிறது.

உள்ளே போய் 'டவுன்லோட் மேப்ஸ்', இந்தியா. மாநிலவாரியாகப் பிரித்திருப்பார்கள். நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: தமிழ்நாடு, கேரளா இரண்டையும் இறக்குங்கள். ஒன்றை மட்டும் இறக்கினால் எல்லையோடு வழி நின்றுவிடும், கேரளத்துப் பூப்பாறைக்குப் பாதை கேட்டால் மற்றதையும் இறக்கச் சொல்லும். அப்போது மலையில் நெட் இருக்காது.

இறக்கியதும் ஏரோபிளேன் மோடைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். தேடல், வழி காட்டுதல் இரண்டும் நடக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவதால் அதற்கு டவர் தேவையில்லை. முதல் முறை இடத்தைப் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாகலாம், வானம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். சிக்னல் மங்கலான இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி கரையும் என்பதால், அழைப்புக்குக் காத்திருக்காத நேரத்தில் அந்த மோடிலேயே விட்டுவைப்பது நல்லது.

தோட்டத்து கேட், சாயங்காலம் ஜீப் நிற்கும் இடம், பக்கத்து ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் புக்மார்க் செய்யுங்கள். அந்தப் பட்டியலை ஒரு ஃபைலாக எடுத்து, கூட வேலை செய்யும் அக்காவின் போனுக்கு புளூடூத்தில் அனுப்பிவிடலாம். வரைபடத்தில் ஒரு டீக்கடையோ பஸ் நிறுத்தமோ விட்டுப்போயிருந்தால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு நீங்களே சேர்க்கலாம். தோட்டத்துப் பெயர்களை நம்மைவிட யார் சரியாக எழுதப்போகிறார்கள்?

6. கீபோர்டு

பாஸ்வேர்டு முதல் வீட்டுச் சண்டை வரை எல்லாம் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. எஃப்-டிராய்டில் கிடைக்கும் ஹெலிபோர்டு இணைய அனுமதியே கேட்பதில்லை. அதனால் அடித்தது எதையும் அது வெளியே அனுப்ப வழியில்லை. நிறுவி, மொழிகளில் தமிழையும், தேவைப்பட்டால் மலையாளத்தையும் சேருங்கள். இயக்கும்போது, 'நீங்கள் அடிக்கும் அனைத்தையும் இது சேகரிக்கக்கூடும்' என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். வெளியிலிருந்து நிறுவும் எந்தக் கீபோர்டுக்கும் வருகிற எச்சரிக்கைதான் அது.

இதில் ஒரு இழப்பும் உண்டு. தமிழ் எழுத்துகள் இன்ஸ்கிரிப்ட் என்ற, இந்திய மொழிகளுக்கான பொது வரிசையில் இருக்கும். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்குக் கை தடுமாறும். அவர்கள் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பின் இண்டிக் கீபோர்டைப் பாருங்கள், ஒலிபெயர்ப்பு முறையில் தமிழும் உண்டு. மலையாளத்துக்காகத் தொடங்கிய கேரளத்து நண்பர்கள் தமிழுக்கும் சேர்த்து உழைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

7. பராமரிப்பு

எஃப்-டிராய்டை வாரம் ஒருமுறை திறந்து, 'அப்டேட்ஸ்' பக்கத்தில் இருப்பதை நிறுவுங்கள். பெர்மிஷன் மேனேஜரை, புதிதாக ஆப் ஏதாவது சேர்த்த பிறகு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். இறக்கிய மேப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. மழையில் பாதை மாறுகிற ஊர் நம்முடையது, அதனால் வைஃபை கிடைக்கும்போது இரண்டு மாநிலத்தையும் சேர்த்தே புதுப்பித்துவிடுங்கள்.