கோத்தகிரியிலும் தண்ணீர் கொதிக்குமா?

"ஊட்டிப் பக்கம் இருந்துகொண்டு தண்ணீர் சூடாகுது என்கிறாயே" என்று மச்சான் சிரித்தார். வெளியே குளிர்தான். ஆனால் பாலித்தீன் கூடாரத்துக்குள் ஏப்ரல் மாத மதிய வெயில் வேறு கதை. மண்ணில்லாமல் சத்துநீரிலேயே வளர்க்கும் லெட்டூஸ் கீரைக்குச் சத்துநீர் ஓடும் 200 லிட்டர் நீல டிரம்மில் தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டியது. வேர்கள் பழுப்பாகி வழவழத்தன. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வேரழுகல் பூஞ்சைக்கு அதுதான் கொண்டாட்டம்.

முதலில் ஐஸ் பாட்டில் போட்டேன். வீண் வேலை. ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருகினாலும் 200 லிட்டரில் ஏறக்குறைய அரை டிகிரிதான் இறங்கும். ஐந்து பாட்டிலுக்கு ஃப்ரீசரில் இடம் கேட்டு வீட்டில் வாங்கிய திட்டுதான் மிச்சம்.

அப்புறம்தான் புத்தி வந்தது: சூட்டை இறக்குவதைவிட ஏறாமல் தடுப்பது மலிவு. டிரம்மைக் கூடாரத்துக்கு வெளியே, வீட்டின் வடக்குப் பக்க நிழலில் கழுத்தளவு மண்ணில் புதைத்தேன். குழி வெட்ட ஒரு நாள், முதுகுவலி இரண்டு நாள். மூடிமேல் ஈரச் சாக்கு. வெயில் படும் கறுப்புக் குழாய்களுக்கு வெள்ளை பெயின்ட். சத்துநீரைக் குழாய்களில் சுற்றவிடும் மோட்டாரை இரவிலும் நிறுத்துவதில்லை. மலைக்குளிர் இலவசமாகத் தண்ணீரை ஆற்றிவிடுகிறது.

செலவு 600 ரூபாய்க்குள். இப்போது மதியம் 21, மிஞ்சினால் 22. புது வேர் வெள்ளையாக இறங்குகிறது. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் புகுந்தால் அரைகுறையாக நிரம்பிய டிரம் மிதக்கும், அதற்கு ஒரு வடிகால் வெட்ட வேண்டும்.