கொடுவா மீனின் புரதச் செரிமான மரபணுக்களைக் கண்டுபிடிக்கும் முறை

கொடுவாத் தீவனத்தில் மீன்தூளைக் குறைத்துச் சோயாவை ஏற்றும் வேலையில் இருக்கிறேன். குடலில் புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினை முடக்கும் புரதங்கள் சோயாவில் உண்டு. அதனால் இந்த மீனிடம் எத்தனை டிரிப்சின் மரபணுக்கள் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வயிற்றுப்பாட்டுக் கேள்விதான். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் வழி இது.

தேடுவது எளிது. கொடுவாவின் மரபணுத்தொகுதி 2016-இல் வெளியானது. என்சிபிஐ, என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். புரதத் தரவுத்தளமான யூனிபுராட்டிலிருந்து ஸீப்ரா மீனின் டிரிப்சின், அதன் உறவு நொதியான கைமோட்ரிப்சின் ஆகியவற்றின் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரைப்பை நொதியான பெப்சினின் முன்வடிவம் பெப்சினோஜன்; அதற்கு மட்டும் ஸீப்ரா மீனிடம் போகாதீர்கள், அந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. திலேப்பியாவிடம் வாங்குங்கள். இந்த வரிசைகளை ஒத்தவற்றை, முதலில் கொடுவாவின் புரதத் தொகுப்பில் பிளாஸ்ட்பி நிரலாலும், பிறகு டிஎன்ஏ மீதே டிபிளாஸ்ட்என் நிரலாலும் தேடுங்கள். இரண்டாவதைத் தவிர்க்கக் கூடாது. கணினி குறிக்காமல் விட்ட மரபணுக்கள் அதில்தான் சிக்கும்.

இப்போது பட்டியல் நீண்டு நிற்கும். அதில் பாதிக்கு மேல் செரிமானத்தோடு சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். இரத்தத்தை உறைய வைக்கும் திராம்பினும் டிரிப்சினின் உறவுதான். புரதத்தின் பகுதிகளை அடையாளம் காட்டும் இன்டர்ப்ரோ தளத்தில் போட்டுப் பாருங்கள்: திராம்பினில் கிரிங்கிள் எனப்படும் மடிப்பு போன்ற கூடுதல் பகுதிகள் தெரியும். செரிமான டிரிப்சின் சின்னது, ஏறக்குறைய 240 அமினோ அமிலம். முன்னால் சுரப்புக்கான குறிவரிசை, அடுத்துக் குட்டையான வெட்டுப்பகுதி, அதன்பின் ஐ-வி-ஜி-ஜி (ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலம்).

உறுதிப்படுத்த வரிசைகளை அடுக்கி, ஜி-டி-எஸ்-ஜி-ஜி-பி என்ற துண்டைத் தேடுங்கள். அதிலுள்ள எஸ்தான் 195-ஆம் செரீன் (எண்கள் எல்லாம் கைமோட்ரிப்சின் எண்முறைப்படி; உங்கள் வரிசையில் இடம் மாறும்). 57-இல் ஹிஸ்டிடின், 102-இல் ஆஸ்பார்டேட் இருக்கின்றனவா? மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் அது புரதத்தை வெட்டும் என்று நம்ப வேண்டாம். பிறகு செரீனிலிருந்து வரிசையின் தொடக்கத்தை நோக்கி ஆறு இடம் போங்கள். 189-இல் ஆஸ்பார்டேட் என்றால் டிரிப்சின், செரீன் என்றால் பெரும்பாலும் கைமோட்ரிப்சின். இதே குடும்பத்தின் இன்னொரு செரிமான நொதியான எலாஸ்டேஸுக்கு 216, 226 இரண்டையும் பார்க்க வேண்டும். தரவுத்தளம் ஒட்டியிருக்கும் பெயரைவிட இந்த ஓரிரு எழுத்துகளையே நான் நம்புவேன்.

எண்ணும்போது கவனம். ஒரே மரபணுவின் பல ஆர்என்ஏ வடிவங்களைத் தனித்தனியாக எண்ணிவிடாதீர்கள். எதிர்த் தவறும் நடக்கும்: இந்த மரபணுக்கள் அடுத்தடுத்து வரிசையாக நிற்பதால், கணினி இரண்டை ஒன்றாக ஒட்டிவிடுவதுண்டு. ஒரே புரதத்தில் ஜி-டி-எஸ்-ஜி-ஜி-பி இருமுறை வந்தால் சந்தேகப்படுங்கள். திசு வாரியான ஆர்என்ஏ தரவு இருந்தால் அதையும் ஒப்பிடலாம். ஒப்பீட்டுக்குக் கெண்டையை எடுத்தால் ஒன்று: அதில் டிரிப்சினைச் சுரக்கும் கணையம் கல்லீரலோடு கலந்து கிடக்கும், ஆகவே 'கல்லீரல்' மாதிரியில் டிரிப்சின் தெரிந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள்.

பெப்சினோஜனைத் தேடும்போது கதெப்சின் டி என்ற நொதி ஏமாற்றும். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் கதெப்சின் டி செல்லுக்குள் லைசோசோம் என்ற சிறு பையில் வேலை செய்வது. வரிசைகளின் உறவைக் காட்டும் கிளைமரம் வரைந்தால் இரண்டும் பிரிந்துவிடும். கெண்டை வகை மீனில் பெப்சினோஜன் 'கிடைக்கவில்லை' என்றால் அதோடு நிறுத்தாதீர்கள். இரைப்பையுள்ள மீனில் அதன் இருபுறமும் நிற்கும் மரபணுக்களைக் குறித்து, கெண்டையில் அதே இடத்தைத் திறந்து பாருங்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புக்கான ஏடிபி4ஏ, ஏடிபி4பி என்ற இரண்டு மரபணுக்களையும் தேடுங்கள். ஸீப்ரா மீனில் அவையும் இல்லை. அக்கம்பக்கத்து மரபணுக்கள் இருந்து, நடுவில் பெப்சினோஜன் மட்டும் காணாமல், பம்பும் இல்லையென்றால், அப்போது அந்த மீன் அதை இழந்துவிட்டது என்று எழுதலாம்.