குழந்தைகளுடன் உள்ளரங்க விளையாட்டுக் கூடத்துக்கு: முதல்முறை போகும் கடலூர், புதுச்சேரி பெற்றோருக்கு

கத்திரி வெயிலில் மாலை 5 மணிக்கு முன் கடற்கரையில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும்போது, ஏசி போட்ட பிளே ஏரியாதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. பந்துக் குளம், வலை ஏணி, பிளாஸ்டிக் சறுக்குமரம், டிராம்போலின் என்று உள்ளே இருக்கும் சாமான் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டமில்லாத நேரத்தில் போவது, பிள்ளையின் உயரத்துக்கேற்ற பகுதியில் விடுவது, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்பது ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முந்தைய நாளே போன் போட்டுக் கேளுங்கள்

சின்னக் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டா? அதற்கு வயது வரம்பா, உயர வரம்பா? பெரியவர் உள்ளே வரலாமா, அதற்குத் தனிக் கட்டணமா? நீங்கள் போகும் நாளில் பிறந்தநாள் விழா ஏதும் புக் ஆகியிருக்கிறதா? இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. விழா இருந்தால் பெரிய பையன்கள் கும்பலாக ஓடுவார்கள். 3 வயதுப் பிள்ளைக்கு அது சரியான நாள் இல்லை.

கார்டில் பணம் ஏற்றி ஆடும் இயந்திரங்கள் இருந்தால், மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். முதலில் குறைந்த தொகை ஏற்றினால் போதும்.

வாரநாள் காலை, கடை திறந்த முதல் மணி நேரம்தான் உகந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் என்றாலும் தவளக்குப்பம் தாண்டியபின் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் இருக்கும், அந்தப் பக்கமே வேண்டாம்.

உடுப்பு

முழங்கால் தாண்டும் பருத்தி லெக்கிங்ஸோ டிராக் பேண்ட்டோ போடுங்கள். அரைக்கால் டவுசரோடு சறுக்கினால் பிளாஸ்டிக் உரசி முழங்காலிலும் முழங்கையிலும் தோல் சிராய்க்கும். தீக்காயம் போலவே எரியும். துப்பட்டா, கயிறு வைத்த தொப்பிச் சட்டை, பாவாடை எல்லாம் வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் சில பொருள்களைக் கவனிக்க வேண்டும். கழுத்துச் சங்கிலி, கொலுசு, வளையக் கம்மல் மூன்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கொலுசின் கொக்கி வலைக்கண்ணில் மாட்டினால் பிள்ளை மேலே தொங்கும்போது கால் இழுபடும். அரைஞாண் கயிற்றைச் சட்டைக்குள் செருகி, மேலே பேண்ட்டை இறுக்கிவிடுங்கள். தலையில் பூவும் ஹேர்பின்னும் வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும். பந்துக் குளத்தில் விழுந்த ஹேர்பின் அடுத்து வரும் குழந்தையின் பாதத்தில்தான் ஏறும்.

கிரிப் சாக்ஸ் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். அடியில் ரப்பர் புள்ளிகள் இருக்கும். சாதாரண நைலான் சாக்ஸ் வழுக்கும். பழைய கிரிப் சாக்ஸ் இருந்தால் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். புள்ளி வழுவழுவென்று இருந்தால் அதைப் போடாதீர்கள். சாக்ஸின் குதிகால் பிள்ளையின் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். பெரியதாக இருந்தால் புள்ளிகள் பாதத்தின் மேல்பக்கம் திரும்பிவிடும்.

காக்ளியர் இம்பிளான்ட் (காது கேட்பதற்காக அறுவை சிகிச்சையில் பொருத்தும் கருவி) உள்ள குழந்தை என்றால், பிளாஸ்டிக் சறுக்குமரம், பந்துக் குளம் இரண்டுக்கும் முன் காதுக்கு வெளியே மாட்டும் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் உரசும்போது உண்டாகும் நிலைமின்சாரம் கருவியின் அமைப்புகளைக் கெடுக்கக்கூடும்.

சாப்பாடும் தண்ணீரும்

இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் என்று லேசாக, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரமாவது முன்பே கொடுத்துவிடுங்கள். வயிறு நிறையப் பூரி தின்றுவிட்டு டிராம்போலினில் குதித்தால் வாந்திதான். ஏசியில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். பாப்கார்ன், வேர்க்கடலை, சூயிங்கம் எதையும் வாயில் வைத்துக்கொண்டு ஓடவிடக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.

உள்ளே நுழைந்ததும்

பிள்ளையை விடும் முன் ஒரு சுற்று வாருங்கள். வலையில் கிழிசல் உண்டா, டிராம்போலினின் ஸ்பிரிங்கை மூடிய மெத்தை விலகியிருக்கிறதா, சறுக்குமரத்தின் அடியில் ஊழியர் நிற்கிறாரா, அவசர வழி எது என்று பாருங்கள். பிள்ளையை அன்றைய உடுப்போடு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் “சிவப்புச் சட்டை” என்று சொல்வதைவிடப் படத்தைக் காட்டினால் தேடுவது எளிது. கைப்பட்டையின் உட்புறம் உங்கள் எண்ணை எழுதுங்கள்.

இரண்டு பிள்ளை, இரண்டு பெரியவர் என்றால் யாருக்கு யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். “பார்த்துக்கோ” என்று பொதுவாகச் சொன்னால், மாமா பார்ப்பார் என்று அத்தையும் அத்தை பார்ப்பார் என்று மாமாவும் இருந்துவிடுவார்கள்.

சறுக்குமரம்

பாசத்தால் செய்து பிள்ளையின் காலை உடைக்கும் தவறு ஒன்று உண்டு: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது. குழந்தையின் பாதம் சறுக்குமரத்தின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். தனியாக வந்தால் குழந்தை அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தாலோ உங்கள் எடை நிற்காமல் கீழே இழுக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுகி உடையும். 3 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கிரிப் சாக்ஸின் ரப்பர் புள்ளிகளும் இதற்குத் துணைபோகும். தனியாகச் சறுக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தச் சறுக்குமரம் இன்னும் உயரம் என்று வைத்துக்கொண்டு, குட்டைச் சறுக்குமரத்துக்குப் போங்கள். உட்கார்ந்து, கால் முன்னே நீட்டி, முன்னால் போனவர் எழுந்து நகர்ந்தபின் சறுக்க வேண்டும். சறுக்குமரம் பந்துக் குளத்தில் முடிந்தால் இன்னும் கவனம் தேவை. பந்துகளுக்கு அடியில் ஒரு குழந்தை படுத்திருந்தால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

டிராம்போலின்

ஒரு விரிப்பில் ஒருவர்தான் குதிக்க வேண்டும். கனமானவர் குதித்து இறங்கும்போது விரிப்பு அழுந்தி, திரும்ப எழும். அதே நொடியில் சின்னப் பிள்ளையின் கால் அதில் பட்டால், தன் பலத்தில் எழும்பக்கூடிய உயரத்தைவிட மேலே வீசப்படும், அல்லது எழும்பி வரும் விரிப்பில் கால் மோதும். அடிபடுவது பெரும்பாலும் எடை குறைந்தவர்தான். ஆகவே அண்ணன் தம்பியைக் கைகோர்த்துக் குதிக்க விடாதீர்கள். 6 வயதுக்குக் கீழ் டிராம்போலினே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, அதையே நாங்களும் சொல்வோம். குட்டிக்கரணம் எந்த வயதிலும் கூடாது, கழுத்து எலும்புக்கு ஆபத்து.

கிளம்பும் நேரம்

முதல்முறைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தள்ளுபடி என்று சொன்னாலும் வாங்காதீர்கள். களைத்த பிள்ளைதான் தடுக்கி விழும், தள்ளிவிடும், அழும். முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஒருமுறையும் 5 நிமிடத்தில் ஒருமுறையும் சொல்லிவிட்டால் அடம் குறையும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிய பிறகுதான் தயிர்சாதம்.

இன்னும் நேரம் இருந்தால் ஓடியாடத் தேவையில்லாத இடத்துக்குப் போங்கள். பழைய கலங்கரை விளக்கத்துக்கு அருகில் ஜவகர் பொம்மை அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மாநில உடையிலும் பொம்மைகள் இருக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்கு இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் உண்டு. இரண்டுமே திறந்திருக்கின்றனவா என்று அன்று காலையே விசாரியுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் வண்டிகளுக்கு அனுமதியில்லை. காரை வேறு வீதியில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

சாக்ஸையும் உடுப்பையும் தனியாகத் துவையுங்கள். அடுத்த சில நாளில் காய்ச்சலோடு உள்ளங்கை, பாதம், வாயில் கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், பள்ளிக்கு அனுப்பாதீர்கள். சின்னக் குழந்தை ஒரு காலை ஊன்ற மறுத்தால், வீக்கமே இல்லாவிட்டாலும் தைலம் தேய்த்து நீவிவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இந்த வயதில் எலும்பில் விழும் விரிசல் பல நேரம் வெளியே தெரிவதில்லை.