சுகர் ரீடிங்கை நரம்பையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

நேற்று சாப்பிட்ட அதே இரண்டு சப்பாத்தி, அதே மாத்திரை, ஆனால் குளுக்கோமீட்டரில் இன்று மட்டும் எண் எகிறி நிற்கிறது என்றால் உடனே சாப்பாட்டின் மேல் பழியைப் போடாதீர்கள். கணையம் எவ்வளவு இன்சுலின் விட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையே முடிவு செய்கிறது, ஆனாலும் நரம்புகளுக்கு அதில் பங்கு உண்டு. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, கணையத்தில் இன்சுலின் தயாரிக்கும் பீட்டா செல்களைத் தூண்டிவிடும். பயம், கோபம், கடும் வலி வரும்போது உடம்பை ஆபத்துக்குத் தயார் செய்யும் சிம்பதெடிக் நரம்பு நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விட்டு அதே செல்களை அடக்கும், கூடவே சர்க்கரையைக் கூட்டும் ஹார்மோனான குளுக்ககானை ஏற்றிவிடும், கல்லீரலும் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். சோப்பு போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு (விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தாலே எண் பொய் சொல்லும்), விரல் நுனியின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். எண்ணுக்குப் பக்கத்தில் சாப்பிட்டதோடு தூக்கம், காய்ச்சல், பல்வலி, வீட்டில் நடந்த சண்டை எல்லாவற்றையும் இரண்டு வார்த்தையில் எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் உடம்பின் போக்கு பிடிபட ஆரம்பிக்கும். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

சாப்பாட்டை அவசரமாக விழுங்காதீர்கள். வாசனை, ருசி, மெல்லுதல் இவையே வேகஸ் வழியாகச் சேதி அனுப்ப, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே சில நிமிடங்களில் கொஞ்சம் இன்சுலின் வந்துவிடும். அளவு சிறியதுதான், டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பீட்டா செல்களே பெரும்பாலும் அழிந்திருப்பதால் இதை நம்ப முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தாழ்சர்க்கரை. கை நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் சிம்பதெடிக் நரம்பு அடிக்கும் அபாய மணி. பல வருடச் சர்க்கரையில் நரம்பு பழுதானவர்களுக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் அந்த மணி கேட்காமலே போகலாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் வியர்வை மட்டும் வரலாம். சந்தேகம் வந்தால் உடனே டெஸ்ட் செய்யுங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.