கார்கில் மலையில் ஆள் இருப்பது ஏன் தெரியவில்லை?

1999 மே மாதத் தொடக்கம். கார்கில் அருகே பட்டாலிக் மலைகளில் ஆயுதங்களோடு அந்நியர்கள் திரிகிறார்கள் என்று ராணுவத்துக்கு முதலில் சொன்னவர்கள் உள்ளூர் மேய்ப்பர்கள். வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ரா, உள்நாட்டு உளவைக் கவனிக்கும் ஐ.பி., ராணுவ உளவுப் பிரிவு என எல்லாம் இருந்த நாட்டில் இப்படி ஆனதற்கு ‘உளவுத்துறை தூங்கிவிட்டது’ என்பதே நம்மில் பலர் சொல்லும் காரணம். போர் முடிந்ததும் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, பாகிஸ்தானின் ஊடுருவல் அரசுக்கும் ராணுவத்துக்கும் உளவு அமைப்புகளுக்கும் முழு அதிர்ச்சியாகவே வந்தது என்றது. ஆனால் கையில் எதுவுமே இருக்கவில்லை என்று அர்த்தமில்லை. கிடைத்ததை எப்படிப் படித்தார்கள் என்பதில்தான் கோளாறு.

பெரிய தவறு, நம் பழக்கத்தை எதிரியின் பழக்கமாக நினைத்துக்கொள்வது. கடும் பனிக்காலத்தில் அந்த உயரங்களில் பல நிலைகளை இரு தரப்பும் காலி செய்துவிட்டுக் கோடையில் திரும்புவது வழக்கம். அதனால் குளிர்காலத்தில் அங்கே யாரும் வரமாட்டார்கள் என்பது கிட்டத்தட்ட விதியாகவே ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1984 ஏப்ரலில், பனி விலகுமுன்பே படையை இறக்கி, பாகிஸ்தானை முந்திக்கொண்டு சியாச்சினைப் பிடித்தது இந்தியாதான். நாம் செய்து காட்டியதையே அவர்கள் செய்வார்கள் என்ற யோசனை வலுப்பெறவில்லை.

அடுத்தது, ‘இது புத்திசாலித்தனமில்லை, எனவே செய்யமாட்டார்கள்’ என்ற கணக்கு. 1998 மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டு சோதித்தன. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போய் வந்தார். 1998 செப்டம்பரோடு முடிந்த அரையாண்டுக்கான ராவின் அறிக்கை, பாகிஸ்தான் குறுகிய, வேகமான தாக்குதல் ஒன்றில் இறங்கக்கூடும் என்றது. அடுத்த அரையாண்டு அறிக்கையோ, அந்நாட்டின் நிதி நிலைமையில் போர் தொடுப்பது பகுத்தறிவான முடிவாகத் தெரியவில்லை என்றது. அந்த மதிப்பீட்டில் பிழையில்லை. கார்கில் உண்மையிலேயே முட்டாள்தனமான திட்டம். பாகிஸ்தானுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அப்போதைய பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதி முஷாரஃபும் விரல்விட்டு எண்ணக்கூடிய தளபதிகளும் அதைச் செய்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அவ்வளவு குறைவாக இருந்தால் ஒட்டுக்கேட்கவும் பெரிதாக எதுவும் சிக்காது. படையும் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே இருந்த நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பாகிஸ்தான் படைப்பிரிவு. தொலைவிலிருந்து பெரும்படை நகர்ந்தால்தானே கண்ணில் படும்?

தகவலைப் போட்டுவைத்தால் தானே போய்ச் சேரும் என்று நம்புவதும் ஒரு தவறு. 1998 ஜூனில் ஐ.பி. தலைவர், கார்கிலுக்கு எதிர்ப்புறம் நடக்கும் நடமாட்டங்கள் பற்றி ஒரு குறிப்பு அனுப்பினார். அது பிரதமர், உள்துறை அமைச்சர் வரை போனது. ஆனால் அதை மற்ற தகவல்களோடு பொருத்திப் பார்க்கவேண்டிய ராவின் செயலாளர், கூட்டு உளவுக் குழுத் தலைவர், ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர் ஆகியோரின் பெயர்கள் அனுப்பும் பட்டியலில் இல்லை.

ஆட்கள் கண்ணில் பட்ட பிறகும் பழைய அச்சு விடவில்லை. காஷ்மீர் என்றால் தீவிரவாதி ஊடுருவல் என்று பத்தாண்டு பழகியிருந்ததால், மலையில் இருப்பவர்களும் அப்படிப்பட்டவர்களே, சீக்கிரம் விரட்டிவிடலாம் என்றே முதல் வாரங்களில் பேசப்பட்டது. பதுங்கு குழி அமைத்து, ஸ்ரீநகர்–லே சாலையைக் குறிவைத்து உட்கார்ந்திருந்தது முறையான படை. மலைகளை மீட்க ஜூலை இறுதி வரை ஆனது. 527 வீரர்கள் உயிரிழந்தார்கள்.

அப்படியானால் சந்தேகம் வரும்போதெல்லாம் எச்சரித்துவிடலாமே? அதற்கும் விலை உண்டு. 1973 மே மாதம் எகிப்து தாக்கப்போகிறது என்று இஸ்ரேல் படையைத் தயார்ப்படுத்தியது. போர் வரவில்லை. வராது என்று சொன்ன ராணுவ உளவுத் தலைவர் எலி ஸெய்ராவின் மதிப்பு கூடியது. அக்டோபரில் அவர் மறுபடி வாய்ப்புக் குறைவு என்றபோது நம்பினார்கள். அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் தாக்கின. மே எச்சரிக்கை வீணா, அல்லது இஸ்ரேல் தயாரானதைப் பார்த்து எதிரி தள்ளிப்போட்டானா என்று அந்த நேரத்தில் யாரால் சொல்லமுடியும்?

இன்று அந்த ஒற்றை ஐ.பி. குறிப்பை எடுத்துக்காட்டி ‘அப்போதே தெரியுமே’ என்பது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது மாதிரி. அதே ஆண்டில் அதே மேசைகளுக்கு வந்து, பொய்யாய்ப் போன காகிதங்கள் எத்தனையோ. அவற்றை யாரும் தேடி எடுப்பதில்லை.

கார்கிலுக்குப் பிறகு 2002-இல் பாதுகாப்புப் புலனாய்வு முகமை, 2004-இல் தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பு என இரண்டு புது உளவு அமைப்புகள் வந்தன. அப்படியும் 2008-இல் மும்பைக்குத் தீவிரவாதிகள் கடல் வழியாகவே வந்தார்கள், அதுவும் முன்னெச்சரிக்கைகள் வந்திருந்தபோதே. புது அமைப்புகளை விட எனக்குப் பெரிதாகப் படுவது கார்கில் உயரங்களில் நடந்த மாற்றம். முன்பு காலி செய்த நிலைகள் பலவற்றில் இப்போது பனிக்காலத்திலும் படை நிற்கிறது. செலவு பெரிது, பனிச்சரிவில் உயிர் போகும் ஆபத்தும் உண்டு. அது எத்தனை ஊடுருவல்களைத் தடுத்தது என்று கணக்குக் காட்டத்தான் வழியில்லை.