எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி: முதல் செமஸ்டரிலேயே விட்டுவிட வேண்டிய தவறுகள்

இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் முதுகலை ஆய்வகத்தில் தடுமாறி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆரின் மூன்று படிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த டிஎன்ஏவை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு) வரவில்லை என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியாது. புரோட்டோகாலை, அதாவது சோதனையின் செய்முறையை, சமையல் குறிப்பு மாதிரி அப்படியே பின்பற்றுவதுதான் இதற்குக் காரணம். ஒவ்வொரு வரிக்கும் "இது எதற்கு?" என்று கேட்டுப் பழகாதவர்களுக்குப் பிராஜெக்ட் செமஸ்டர் பெரிய பாடுதான்.

அடுத்தது கன்ட்ரோல், அதாவது முடிவை நம்பலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி. டெம்ப்ளேட் டிஎன்ஏ (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) சேர்க்காத ஒரு குழாயை வைக்கச் சோம்பல்படாதீர்கள். அந்தக் குழாயிலும் பேண்ட் வந்தால் தண்ணீரிலோ பிரைமரிலோ (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) வேறு டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். அதை வைக்காதவர், மாசை முடிவு என்று நம்பி ஒரு மாத வேலையை அதன்மேல் கட்டிவிடுவார்.

குறிப்பேட்டை "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது இன்னொன்று. டிஷ்யூ பேப்பரில் கிறுக்கியதெல்லாம் குப்பைக்குப் போய்விடும். பிரைமர் போய் ஒட்டும் அனீலிங் வெப்பநிலையை 55-இலிருந்து 58 டிகிரிக்கு மாற்றினால் அந்த நிமிடமே, காரணத்தோடு எழுதுங்கள். குழாய் மூடியில் வெறுமனே 1, 2, 3 என்று எழுதி மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைத்தால், ஆறு மாதம் கழித்து அது எது என்று உங்களுக்கே தெரியாது. பெயர், தேதி, மாதிரி மூன்றும் வேண்டும்.

புள்ளியியலைக் கடைசிக்கு ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஒரே பிளாஸ்கில் வளர்ந்த செல்களை தட்டின் மூன்று கிணறுகளில் (சிறு குழிகளில்) போட்டு அளந்துவிட்டு 'என் = 3', அதாவது மூன்று தனித்தனி மாதிரிகள், என்று போடுகிறார்கள். அது கையின் துல்லியத்தைக் காட்டுமே தவிர, உயிரியல் வேறுபாட்டைக் காட்டாது. வெவ்வேறு நாள்களில், தனித்தனி கல்ச்சரில் (செல் வளர்ப்பில்) திரும்பச் செய்தால்தான் அது மூன்று. ஆகவே சோதனையைத் திட்டமிடும்போதே எத்தனை மாதிரி, எந்த டெஸ்ட் என்று முடிவு செய்துவிடுங்கள்.

கணினி வேலையை "அது பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்காரர்களுக்கு" என்று ஒதுக்காதீர்கள். எக்செல் 'மார்ச்1' என்ற மரபணுவைத் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால்தான் மனித மரபணுப் பெயரிடும் குழு அதை 'மார்ச்எஃப்1' என்று மாற்றியது. 2020-இல் வெளியிட்ட விதிமுறைகளிலும் இதைச் சொன்னது. 'ஆர்' அல்லது பைத்தான் என்ற நிரல்மொழிகளில் ஏதாவது ஒன்றைக் கொஞ்சமாவது தொட்டுப் பாருங்கள்.

வழிகாட்டியைப் பெயரையும் புகழையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த ஆய்வகத்தில் இருக்கும் சீனியர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சோதனை சொதப்பிய அன்று அவர் உங்களோடு உட்கார்ந்து ஜெல்லைப் பார்த்தாரா?