கார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) விட்டு விட்டுக் கட் ஆகிறதா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கார் ஆடியோ வேலை பழக வரும் பையன்கள் எல்லாரும், நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வயர் கழன்று கிடக்கிறதா, ப்யூஸ் போயிருக்கிறதா என்பதை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள், அதை விடுகிறேன்.

பீப் சத்தத்தை நம்புவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மெதுவாகப் பாட்டு வைத்தால் ஒழுங்காக ஓடும், சத்தத்தை ஏற்றி உறுமி அடி விழுந்ததும் ஆம்ப் நின்று, இரண்டு நொடியில் திரும்ப வரும். உடனே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் சோதனை) வைத்து, ஆம்பின் எர்த்துக்கும் (ஆம்பின் நெகட்டிவைக் கார் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) கார் பாடிக்கும் நடுவே பிடித்து, பீப் அடித்ததும் எர்த் சரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் கரன்ட் ஒரு சில மில்லியாம்பியர்கூட இருக்காது. பேஸ் அடிக்கும்போது அதே வயரில் போவது 50, 60 ஆம்பியர். இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே 60 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும், ஆம்பும் வோல்டேஜ் பத்தவில்லை என்று தன்னை அணைத்துக்கொள்ளும். சாதாரண மீட்டரில் அந்த 0.05 ஓம் தெரியாது, ப்ரோப் வயரின் தடையே அதைவிட அதிகம்.

ஒரு ஹேட்ச்பேக் வந்தது. பாவம், அவர் முதலில் கெபாசிட்டர் போட்டு, அப்புறம் பேட்டரி மாற்றி, கடைசியில் ஆம்பையே மாற்றியிருந்தார். புது ஆம்பும் அதே அடியில் கட் ஆனது. என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, நீள வயர் ஒன்றின் உதவியோடு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் பிடித்து, 50 ஹெர்ட்ஸ் டோனைச் சத்தமாக ஓட்டினோம் (பாட்டில் அடி விழுந்து மறையும் வேகத்துக்கு மீட்டர் ஈடுகொடுக்காது). இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பின்சீட் பெல்ட் போல்ட்டில், பெயின்ட் மேலேயே எர்த்தை வைத்து முடுக்கியிருந்தார்கள்!

சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. பாடியில் தடிமனான தகடாகப் பார்த்து, பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்தபின் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை) முடுக்குங்கள். துளை போடுவதானால் முதலில் குனிந்து அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

காப்பர் பூசிய அலுமினிய வயர்

சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால், அதே கேஜ் (தடிமன்) செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள், அல்லது வாங்காதீர்கள்.

ஓம் கணக்கு பார்க்காமல் சப்வூஃபர் கொடுப்பது

4 ஓம் காயில்கள் (சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) இரண்டை பேரலலாகக் கொடுத்தால் 2 ஓம். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) ஆம்புகளில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

கெயினை வால்யூம் என்று நினைப்பது

கெயின் என்பது ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு, வால்யூம் இல்லை. குறையுங்கள்.

சீட்டுக்கு அடியில் கார் மேட்டுக்குள் ஆம்பைப் புதைப்பது

அரை மணி ஓடி நின்று, ஆறியதும் தானாக வந்தால் சூடுதான் காரணம். காற்றுக்கு வழிவிடுங்கள்.

ரிமோட் வயரை மறப்பது

ஸ்டீரியோவை ஆன் செய்ததும் ஆம்பையும் ஆன் ஆகச் சொல்லும் வயர் இது. கட் ஆகும் நேரத்தில் ப்ரொடெக்ட் லைட் (கோளாறைக் காட்டும் விளக்கு) எரியாமல் பவர் லைட்டும் சேர்ந்து அணைந்தால், ரிமோட் டெர்மினலில் மீட்டரை வையுங்கள். அங்கே 12 வோல்ட் விட்டு விட்டு வந்தால் ஆம்பைக் கழற்ற வேண்டாம், ஹெட் யூனிட்டுக்கு (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) பின்னால் கையை விடுங்கள்.